தெரீனா பெட்டியிலிருந்து ஒரு ஜோடி

ஐயமே அறிவின் ஆரம்பம் என்று ஆண்டாண்டாய் அறிவுறுத்திய ஆசானே! இடக்கைக்கு இணையான வலக்கையை இனங்கண்டு இணைத்த ஏந்தலே! தோலைத் தொட்டே அதன் தோஷம் சொன்ன தோன்றலே! தையற்கூடத்தின் தலைவரே, தட்டிக்கேட்கும் தைரியத்தை எங்களுக்குத் தந்தவரே, எங்கள் மாஸ்டரே! 'நம்பு' என்று ஒருநாளும் சொல்லாமல், 'தொட்டுப் பார், திருப்பிப் பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார், அதற்குப் பிறகும் மனசு கேட்கவில்லை என்றால் ஒதுக்கி வை' என்று ஓயாமல் உரைத்த உங்களுக்கு, உங்கள் பணிநிறைவு நாளாகிய இன்று, கையுறைத் தொழிற்சாலைப் பணியாளர்கள் அனைவரும் எழுந்து நின்று சொல்லும் வணக்கம்!

வணக்கம் சொன்ன கையோடு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இந்த விழாவில் வாசிப்பதற்கென்று கடல் தாண்டியிருக்கும் தலைமை அலுவலகம் ஒரு மாதிரி மடலை அனுப்பியிருந்தது. பெயர் போட வேண்டிய இடத்தில் புள்ளி புள்ளியாக விட்டிருந்தார்கள். 'அயராத உழைப்பு, அன்பான பேச்சு, எப்போதும் புன்னகை' என்று கண்டிருந்தது. எப்போதும் புன்னகையா? நீங்களா? வாசித்த மாத்திரத்தில் தையற்கூடமே குலுங்கிப்போயிற்று. எந்த நாட்டில் யார் ஓய்வுபெற்றாலும் மாட்டிவிடலாம் என்று தைத்த மடல் அது. எல்லாக் கைக்கும் சேரும் என்று சொல்லி விற்கிற கையுறை எந்தக் கைக்கும் சேராது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே நீங்கள்தானே! ஆகவே அந்த மடலைத் தெரீனா பெட்டியில் போட்டுவிட்டு, இதை நாங்களே எழுதினோம்.

மேடையில் வீற்றிருக்கும் நிர்வாகப் பெருமக்களுக்குத் தெரீனா பெட்டி என்றால் என்னவென்று தெரிந்திருக்க நியாயமில்லை. அவர்கள் பொருட்டுச் சொல்கிறோம். கையுறை ஜோடியாகப் பிறப்பதில்லை. இடக்கை ஓர் இயந்திரத்தில் தைக்கப்படும், வலக்கை இன்னொன்றில். கடைசி மேசையில் இரண்டையும் அருகருகே கிடத்தி, நிறம் ஒத்துப்போகிறதா, விரல் நீளம் சமமா, தோலின் மென்மை ஒன்றா என்று பார்ப்போம். ஒத்துப்போனால் ஜோடி. ஒத்துப்போகாவிட்டால் வேறு துணை தேட வேண்டும். இரண்டுங்கெட்டானாக இருந்தால் ஓரத்தில் இருக்கும் மரப்பெட்டியில் போட வேண்டும். அந்தப் பெட்டிக்குத்தான் தெரீனா என்று பெயர். தெரியலைன்னா அதில் போடு. தெரியலைன்னா என்பது அவசரத்தில் சுருங்கித் தெரீனா ஆயிற்று என்றே நாங்கள் ஒவ்வொருவரும் நம்பியிருந்தோம். வாடகைக்குப் பார்த்த வீடு எப்படி என்று கேட்டால் "தெரீனா" என்போம். புது மேலாளர் எப்படி என்று கேட்டால் குரலைத் தாழ்த்திக்கொண்டு "தெரீனா" என்போம். மன்னிக்க வேண்டும்.

அந்தப் பெட்டியைக் காலிசெய்பவர் எங்கள் அக்கா. ஜன்னலோர மேசை அவருடையது. சந்தேகத்துக்குரிய ஜோடியைத் தன் இரு கைகளிலும் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, விரல்களை ஒருமுறை மடக்கி விரிப்பார். பிறகு "ஜோடி" என்பார், அல்லது உதட்டைப் பிதுக்குவார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அவரைவிட மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்; நீங்களும் கூடத்தின் மறுகோடியிலிருந்து "இது அக்கா!" என்று குரல் கொடுத்துத்தான் ஒதுக்குவீர்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

அண்ணலே! மீசை சரியாக அரும்பாத வயதில் கடல் கடந்து ஒரு குளிர்நாட்டுக்குப் பயிற்சிக்குப் போனவர் நீங்கள். போகும்போது தோளில் ஒரு பை. திரும்பியபோது உங்கள் பின்னாலேயே ஒரு தொழில் வந்தது. மரப்பெட்டிகளில் இயந்திரங்கள் வந்தன, சுருள் சுருளாகத் தோல் வந்தது, எங்கள் தெருக்களிலிருந்து நாங்கள் வந்தோம். எந்தக் குளிரும் எட்டிப்பார்க்காத ஊரில், நெற்றி வியர்க்க வியர்க்கக் குளிருக்குத் தைத்தோம். தோல் ஒரு நாட்டில் பதப்பட்டது, நூல் ஒரு நாட்டில் திரிக்கப்பட்டது, பணம் போட்டவர் ஒரு நாட்டில், கையில் போட்டுக்கொள்பவர் வேறொரு நாட்டில். வியர்வை மட்டும் உள்ளூர்ச் சரக்கு. அந்த வியர்வைக்குக் கூலி வாங்கிக்கொடுக்க நீங்கள் மேலிடத்தோடு மல்லுக்கட்டியதை மறக்க மாட்டோம். பிழையாகத் தைத்தவரைப் பலர்முன் நிற்க வைத்துப் பேசமாட்டீர்கள். கையுறையைத் திருப்பி, பிழையை உள்ளே வைத்துக் கையில் கொடுப்பீர்கள். அந்தப் பெருந்தன்மைக்கு இந்தக் கூடமே கடன்பட்டிருக்கிறது.

பாராட்டை இதோடு நிறுத்திக்கொண்டு சட்டம்போட்டுக் கொடுத்திருந்தால் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் நீங்கள் எங்களை அப்படி வளர்க்கவில்லையே!

இந்த ஆண்டின் தொடக்கத்தில் சாப்பாட்டுக்கூடச் சுவரில் ஒரு சுவரொட்டி முளைத்தது. பல நிறக் கைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் படம். கீழே 'நாம் அனைவரும் ஒரே குடும்பம்' என்று நான்கு மொழிகளில். விருந்தினரை ஏற்றி இறக்கியே காலம் கழிக்கும் நம் ஓட்டுநர், ஏர்போர்ட் அண்ணன், அதை நின்று நிதானமாகப் படித்தார். "குடும்பம்னு இவங்களுக்குத் திடீர்னு ஞாபகம் வருதுன்னா, பாகம் பிரிக்கப் போறாங்கன்னு அர்த்தம்" என்றார். சிரித்தோம். அடுத்த வாரமே அவர் வண்டியிலிருந்து விருந்தாளிகள் இறங்கினார்கள்.

வேறொரு நாட்டுப் பிள்ளைகள். எங்களைப் போலவே ஒடிசலானவர்கள், எங்களைப் போலவே சாப்பாட்டுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் பேசுகிறவர்கள். ஒவ்வோர் இயந்திரத்தருகிலும் ஒருவர் உட்கார்ந்தார். அக்காவின் மேசைக்கு ஒரு பெண் வந்தாள். எதைக் காட்டினாலும் சிரிப்பாள், ஊசி குத்தினாலும் சிரிப்பாள். சிரிப்புக்காரி என்றே பெயராகிவிட்டது. நீங்களோ, மாஸ்டர், எங்களுக்கு ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிக் கொடுத்த வித்தையை அவர்களுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தீர்கள். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பழுதான இயந்திரத்தைச் சரிசெய்ய ஆள் வரவில்லை. நன்றாக ஓடும் இயந்திரத்தை அளவெடுக்க மட்டும் ஆள் வந்தார். சட்டைக்கு அளவெடுத்தால் சந்தோஷம். இயந்திரத்துக்கு அளவெடுத்தால் அது பெட்டிகட்டிக் கப்பலேற்றத்தான் என்று எங்களுக்குத் தெரியாதா? அக்காவால் பொறுக்க முடியவில்லை. தேநீர் இடைவேளையில் உங்கள் மேசைக்கே வந்துவிட்டார்.

"மாஸ்டர், இவங்க எல்லாத்தையும் கத்துக்கிட்டுப் போய் என்ன பண்ணுவாங்க?"

"ஒண்ணுமில்லக்கா. பரிமாற்றப் பயிற்சின்னு மேலிடத்துல சொல்றாங்க."

"பரிமாற்றம்னா நம்ம ஆளுங்களும் அங்க போகணுமே? ஒருத்தரையும் கூப்பிடக் காணோமே?"

"கூப்பிடுவாங்க, கூப்பிடுவாங்க."

"நீங்க ஒண்ணை ரெண்டு தடவை சொன்னா அது நடக்காது, மாஸ்டர்."

நீங்கள் மிச்சத் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்துவிட்டீர்கள். அக்கா ஜன்னலோரத்துக்குத் திரும்பிவிட்டார். அவர் பயம் என்னவென்று உங்களுக்குத் தெரியும். இடது வலது பார்த்துச் சொல்லும் விரலுக்கு இந்தக் கட்டடத்தின் வாசலைத் தாண்டினால் வேலை கொடுப்பாரில்லை. அந்த விரலை நம்பித்தான் அவர் வீடு நிற்கிறது. குளிர்நாடு ஒன்றில் பிழைக்கப் போன அவர் தம்பி, "பேசாம நீயும் இங்க வந்துடுக்கா" என்று போனில் கூப்பிட்டபடி இருக்கிறான். "அங்க வந்து நான் என்னடா பண்றது? நான் பாக்குற வேலையே அங்கிருந்துதானே இங்க வந்துச்சு" என்று அவர் சொன்னதை நாங்கள் கேட்டிருக்கிறோம்.

நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன 'அக்கா' விஷயத்துக்கு இப்போது வருகிறோம்.

சிரிப்புக்காரி வேலை செய்துகொண்டே அடிக்கடி "அக்கா" என்பாள். அக்கா கையிலிருப்பதைப் போட்டுவிட்டு, "என்னம்மா, கூப்பிட்டியா?" என்று ஓடுவார். அவள் விழிப்பாள், பிறகு சிரிப்பாள். அக்கா திரும்பி வந்து உட்கார்ந்ததும் மறுபடி "அக்கா". ஒருநாள் அக்கா குடிதண்ணீர் பிடித்துக்கொண்டு வருகையில், காலி நாற்காலிக்கு எதிரே அவள் தன்பாட்டுக்கு ஒரு கையுறையைத் திருப்பிப் பார்த்து, முகம் சுளித்து, "அக்கா" என்று சொல்லிப் பெட்டியில் போட்டதைக் கண்டார். பக்கத்து மேசைப் பையனும் ஒன்றை எடுத்தான், "அக்கா." போட்டான். அப்போதுதான் விளங்கிற்று. 'இது அக்கா', 'அக்காகிட்ட போடு' என்று நாம் நாள்பூராவும் கத்துவதைக் கேட்டு, தேறுமா தேறாதா என்று தெரியாத கையுறைக்கு நம் மொழியில் அக்கா என்று பேர் போலிருக்கிறது என்று அந்தப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்!

சாப்பாட்டு வேளையில் அக்கா இதை நடித்துக் காட்டியபோது கூடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. ஓவர்லாக் இயந்திரத்துக்குச் சமமாக ஓயாமல் பேசும் எங்கள் தையல்காரருக்குப் புரையேறிவிட்டது. "அக்கா, உங்களைப் பெட்டியில போட்டு மூடிட்டாங்களே!" என்றார். எல்லோரும் சிரித்தோம். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. நீங்கள் சிரிக்காதது புதிதல்ல. ஆனால் அன்றைக்குச் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டீர்கள்.

"அக்கா, தெரீனான்னா என்னன்னு நெனச்சிட்டிருக்கீங்க?" என்று கேட்டீர்கள்.

"என்ன கேள்வி இது? தெரியலைன்னா... தெரீனா."

"இல்லக்கா. அது ஒரு அம்மா."

புரையேறிய தையல்காரர் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

நீங்கள் பயிற்சிக்குப் போன அந்தத் தொழிற்சாலையில், ஜன்னலோரத்தில், தெரீனா என்று எல்லோரும் செல்லமாகக் கூப்பிட்ட ஓர் அம்மா இருந்தாராம். சந்தேகமான ஜோடிகளெல்லாம் அவரிடம் போகுமாம். மொழி தெரியாத நீங்கள், அதைக் கையுறையின் குறைக்கு அவர்கள் வைத்த பேர் என்று எடுத்துக்கொண்டு அவர் எதிரிலேயே நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தீர்களாம். கடைசி நாளில் அவர் உங்கள் கையைப் பிடித்து, தன் நெஞ்சில் விரலை வைத்து, "தெரீனா" என்றாராம்.

"இங்க வந்தப்புறம் நீங்க எல்லாரும் தெரியலைன்னான்னு அர்த்தம் பண்ணிக்கிட்டீங்க. நான் திருத்தலை. சொல்லிக்கிட்டே இருக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றீர்கள்.

சிலருக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவுக்குக் கலங்கவில்லை.

"அவங்க உங்ககிட்ட ஒண்ணும் கேக்கலையா மாஸ்டர்? கத்துக்கிட்டுப் போய் என்ன பண்ணப் போறேன்னு?"

"கேட்டாங்க. பாஷை தெரிஞ்ச ஒருத்தர் எனக்கு மாத்திச் சொன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டே, "பரிமாற்றப் பயிற்சின்னு" என்றீர்கள்.

"அந்தத் தொழிற்சாலை இப்ப இருக்கா?"

"நம்ம மிஷினெல்லாம் எங்கிருந்து வந்துச்சுன்னு நெனக்கிறீங்க?"

ஐயா, அன்று மாலை வீடு திரும்பும் வழியெல்லாம் எங்களுக்குள் ஒரே வழக்கு. பாவம், மனசுக்குள் எவ்வளவு பாரத்தைச் சுமந்திருக்கிறார் என்றனர் பாதிப்பேர். மீதிப்பேர் உங்கள் அசல் மாணவர்கள் ஆயிற்றே, ஒத்துக்கொள்ளவில்லை. தெரிந்தே இத்தனை நாள் வாயைத் திறக்காதவர், விழா நெருங்கும்போது ஏன் திறந்தார்? எங்கள் வாயை அடைக்க அவிழ்த்துவிட்ட கதையாக இருக்கக்கூடாதா? ஏர்போர்ட் அண்ணன் வேறு எண்ணெயை ஊற்றினார். ஓய்வுபெற்ற மறுவாரமே உங்களுக்கு விமானப் பயணம் இருக்கிறதாம், வண்டி சொல்லியாயிற்றாம். கேட்டால் வெளிநாட்டிலிருக்கும் மகளையும் பேரப்பிள்ளையையும் பார்க்க என்கிறீர்கள். மகள் இருப்பது மேற்கே. உங்கள் விமானம் புறப்படுவது கிழக்கே, விருந்தாளிகளின் நாட்டுக்கு. பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறவர் பெட்டியில் தோல் வெட்டும் கத்தரி எதற்கு மாஸ்டர்? அதைத் தீட்டக் கொடுத்த இடத்தில் எங்கள் தையல்காரரும் நின்றுகொண்டிருந்தார் என்பதை இந்த நல்ல வேளையில் பணிவன்போடு தெரிவித்துக்கொள்கிறோம்.

அக்கா மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. மறுநாள் காலை நேரே சிரிப்புக்காரியிடம் போனார். தன் நெஞ்சில் விரலை வைத்து, "அக்கா" என்றார். அவள் வழக்கம்போலச் சிரித்தாள். அக்கா பெட்டியிலிருந்த கையுறையைக் காட்டித் தலையை ஆட்டி மறுத்தார், மறுபடி தன்னைத் தொட்டு, "நான். அக்கா" என்றார். அவள் கையுறையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். முதன்முறையாகச் சிரிப்பு நின்றது. பிறகு தன் நெஞ்சில் விரலை வைத்துத் தன் பெயரைச் சொன்னாள். என்ன பெயர் என்று நாங்கள் எவ்வளவு கேட்டும் அக்கா சொல்லவில்லை. "சொன்னா நாளைக்கே அதை எதுக்காவது பேரா வெச்சுடுவீங்க" என்றுவிட்டார்.

விருந்தாளிகள் ஊர் திரும்புவதற்கு முன், அந்த இருவரும் சேர்ந்து ஒரு ஜோடி தைத்தார்கள். ஒரே தோலில் வெட்டியது. இடக்கையை அக்கா தைத்தார், பல காலம் கழித்து ஊசியின் முன் உட்கார்ந்து. வலக்கையை அந்தப் பெண் தைத்தாள். முடித்ததும் அக்கா இரண்டையும் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். விரல்களை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். எத்தனையோ ஆயிரம் ஜோடிகளுக்குத் தீர்ப்புச் சொன்னவருக்கு அன்றைக்கு வாய் எழவில்லை. கழற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, தெரீனா பெட்டியில் போட்டார். "இதை மாஸ்டர் சொல்லட்டும்" என்றார்.

இன்று உங்களுக்கு நாங்கள் அளிக்கும் நினைவுப்பரிசு அதுதான். மேலிடம் அனுப்பிய கடிகாரத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள், நாங்கள் குறுக்கே நிற்கவில்லை.

உள்ளத்தால் உயர்ந்தவரே! ஊசி முனையளவு பிசகையும் உற்றுநோக்கியவரே! நீங்கள் நலமாய் நீடு வாழ வேண்டும். உங்கள் விரல்களில் நடுக்கம் வராதிருக்க வேண்டும். உங்கள் கண்ணொளி கடைசிவரை கூர்மையாய் இருக்க வேண்டும். உறக்கம் தடையின்றி வர வேண்டும். இந்தக் கடைசி வாழ்த்தை மட்டும் கொஞ்சம் யோசித்துத்தான் எழுதினோம். நீங்கள் எந்தத் திசையில் பறந்தாலும் எங்கள் அன்பு உங்களோடு வரும், எங்கள் சந்தேகமும் வரும். இரண்டையும் எங்களுக்குள் வளர்த்தவர் நீங்கள்.

ஒரே ஒரு விண்ணப்பம். ஏற்புரைக்கு முன், இந்த மேடையிலேயே, தலைமை அலுவலகத்துப் பெருமக்கள் பார்த்திருக்க, இந்த ஜோடியை மாட்டிப் பார்த்துத் தீர்ப்பைச் சொல்லுங்கள். தெரீனா என்று தோன்றினால், அந்தப் பேருக்குரிய அம்மாவை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு சொல்லுங்கள். அக்காவும் பெட்டிக்குப் பேராகிப் போகட்டும் என்று ஏற்றுக்கொள்கிறோம். ஜோடி என்று தோன்றினால் அதையும் உரக்கச் சொல்லுங்கள். ஜோடி என்றால், ஒரு கையை வைத்துக்கொண்டு மறுகையை வீசியெறியும் உரிமை இங்கே அமர்ந்திருக்கும் எவருக்கும் கிடையாது என்று எங்களுக்குச் சொல்லித்தந்தவர் நீங்கள்தான்.

அக்கா எதிரே நிற்கிறார். கையை நீட்டுங்கள், மாஸ்டர்.

இங்ஙனம்,
உங்களை நேசிப்பதில் ஐயமே இல்லாத, மற்ற எல்லாவற்றிலும் ஐயமுள்ள,
வெட்டும் பிரிவு, தையற்பிரிவு, ஜோடி மேசைப் பணியாளர்கள்,
ஏர்போர்ட் அண்ணன்,
மற்றும், ஜன்னலோரத்திலிருந்து, அக்கா